பெங்களூரிலிருந்து பிரிட்டனுக்குக் குடும்ப மருத்துவராக: எந்தத் தாள் முதலில், எந்தத் தாள் கடைசியில்

நான் விடுமுறைக்குப் பெங்களூரு அல்சூரில் உள்ள வீட்டுக்கு வரும்போதெல்லாம், ஞாயிற்றுக்கிழமை காலையில் இரண்டு மூன்று ஜூனியர் டாக்டர்கள் ஃபைலோடு வந்துவிடுவார்கள். பெரும்பாலும் தமிழ்நாட்டில் எம்பிபிஎஸ் முடித்துவிட்டு பெங்களூரு மருத்துவமனைகளில் வேலை பார்ப்பவர்கள். "அக்கா, பிரிட்டனில் ஜிபி ஆகணும், எங்கிருந்து ஆரம்பிக்கிறது?" என்பதுதான் எல்லோருடைய கேள்வியும். ஜிபி என்றால் அங்கே குடும்ப மருத்துவர். ஃபைலைத் திறந்தால் பெயர் மூன்று தாளில் மூன்று விதமாக இருக்கும். மூன்றே மாதம் செல்லும் சான்றிதழை முதல் வேலையாக வாங்கி வைத்திருப்பார்கள். மாதக்கணக்கில் இழுக்கும் பட்டச் சரிபார்ப்பைத் தொட்டிருக்கவே மாட்டார்கள்.

நானும் இதே வழியில் போய், மூன்று ஆண்டுப் பயிற்சி முடித்து, இப்போது அங்கே ஜிபியாக இருக்கிறேன். இவர்களில் யாரும் திறமை போதாமல் தடுமாறவில்லை. வரிசை தெரியாமல்தான் தடுமாறுகிறார்கள். கெடு இல்லாத தாள்களை முதலில் முடியுங்கள், கெடு உள்ளவற்றைக் கடைசியில் வாங்குங்கள். கீழே உள்ள படிகள் எல்லாம் அந்தக் கணக்கில்தான் அடுக்கப்பட்டிருக்கின்றன.

1. இரண்டு பதிவேடுகள் இருப்பதைப் புரிந்துகொள்ளுங்கள்

பிரிட்டனில் மருத்துவராக இருக்க ஜிஎம்சி என்ற பொது மருத்துவக் கவுன்சிலில் பதிவு வேண்டும். வெளிநாட்டில் படித்தவர்களுக்கான பிளாப் தேர்வு அதற்கான வழி. ஆனால் அந்தப் பதிவை மட்டும் வைத்துக்கொண்டு ஜிபியாக உட்கார முடியாது. ஜிபிகளுக்கென்று ஜிஎம்சி தனிப் பதிவேடு வைத்திருக்கிறது, அதில் பெயர் ஏற வேண்டும். இங்கிலாந்தில் அதற்கு மேல், அரசு சுகாதாரச் சேவையான என்ஹெச்எஸ்ஸின் பெர்ஃபாமர்ஸ் லிஸ்ட் என்ற பட்டியலிலும் இடம் வேண்டும்.

இங்கே கிளினிக்கில் பத்து ஆண்டு குடும்ப மருத்துவம் பார்த்தவர்களுக்கு இது ஏற்றுக்கொள்ளக் கடினமாக இருக்கும். வேலூர் சிஎம்சியின் குடும்ப மருத்துவ டிப்ளமா நல்ல படிப்பு. தேசியத் தேர்வு வாரியத்தின் டிஎன்பி ஃபேமிலி மெடிசின் அதைவிடக் கனமானது. ஆனால் இரண்டுமே ஜிபி பதிவேட்டில் தாமாகப் பெயர் ஏற்றித் தராது. எம்ஆர்சிஜிபி என்பது பிரிட்டனில் ஜிபி பயிற்சியில் தேற வேண்டிய தேர்வு. வெளிநாடுகளில் நடக்கும் எம்ஆர்சிஜிபி இன்டர்நேஷனல் தேர்வும் அப்படிப் பெயர் ஏற்றித் தராது. பெயரில் எம்ஆர்சிஜிபி இருப்பதால் அதுவே பிரிட்டன் தேர்வு என்று நம்பிப் பணம் கட்டி எழுதியவர்கள் என் மேசையில் வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். இரண்டும் வேறு வேறு.

2. எந்த வாசல் என்று முடிவு செய்யுங்கள்

ஜிபி பதிவேட்டுக்குள் போக இரண்டு வாசல். ஒன்று, அங்கேயே ஜிபி பயிற்சியில் சேர்ந்து மூன்று ஆண்டு முடித்து, எம்ஆர்சிஜிபி தேறி, சிசிடி என்ற பயிற்சி நிறைவுச் சான்றிதழ் பெறுவது. இன்னொன்று போர்ட்ஃபோலியோ பாத்வே. அங்கே ஜிபியாக வேலை பார்க்கத் தேவையான அறிவும் திறனும் அனுபவமும் உங்களுக்கு ஏற்கெனவே இருக்கின்றன என்று ஆவணங்களால் நிரூபிக்க வேண்டும்.

வெறும் எம்பிபிஎஸ் என்றால் முதல் வாசல்தான். டிஎன்பியோ எம்டியோ குடும்ப மருத்துவத்தில் முடித்து, தொடர்ந்து அதே வேலையில் இருப்பவர்கள் இரண்டாவதையும் யோசிக்கலாம்.

ஒரு விஷயத்தை மறைக்காமல் சொல்ல வேண்டும். ஜூலை 2025இல் வெளியான இங்கிலாந்தின் 10 ஆண்டு சுகாதாரத் திட்டம், சிறப்புப் பயிற்சி இடங்களில் பிரிட்டனில் படித்தவர்களுக்கும் என்ஹெச்எஸ்ஸில் கணிசமான காலம் வேலை பார்த்தவர்களுக்கும் முன்னுரிமை என்று சொல்லிவிட்டது. இங்கிருந்து நேராகப் பயிற்சியில் போய்ச் சேர்வது முன்பு போல எளிதில்லை. பயிற்சி இல்லாத மருத்துவமனை வேலைக்கும் ஓர் இடத்துக்கு நூற்றுக்கணக்கில் விண்ணப்பம் வருகிறது. எனவே, பணம் கட்டும் முன் அந்த ஆண்டின் தகுதி விதியை ஜிபி ஆள்சேர்ப்புத் தளத்தில் நீங்களே படியுங்கள். நண்பர் இரண்டு ஆண்டு முன்னால் போனது உங்களுக்கு வழிகாட்டியாகாது. வீட்டுக் கடன், சின்னக் குழந்தை என்று இருப்பவர்கள், வேலை கிடைக்காமல் ஓர் ஆண்டு போனாலும் தாங்குமா என்று குடும்பத்தோடு உட்கார்ந்து பேசிவிட்டுத் தொடங்குங்கள்.

3. பெயரைச் சரிசெய்யுங்கள்

நம் ஆட்களுக்கு அதிகக் காலம் விரயமாவது இதில்தான். அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

தமிழ்நாட்டுப் பள்ளிச் சான்றிதழில் உங்கள் பெயர் 'எஸ். கார்த்திகேயன்'. எம்பிபிஎஸ் பட்டத்தில் 'கார்த்திகேயன் எஸ்'. பாஸ்போர்ட்டில் இனிஷியலை விரித்தெழுத வேண்டும் என்பதால் அப்பா பெயரைச் சேர்த்து 'கார்த்திகேயன் சுப்பிரமணியன்'. சிலருக்குப் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் காலியாகவே இருக்கும். இங்கே யாரும் இதைக் கேட்பதில்லை. இனிஷியல் என்றால் அப்பா பெயர் என்று எல்லோருக்கும் தெரியும். அங்கே தாளைப் பார்ப்பவருக்கு இவர்கள் மூன்று வேறு ஆட்கள்.

போன ஆண்டு ஒரு தம்பி மூன்று தாள்களையும் மேசையில் பரப்பினார். பட்டத்தில் 'தி' என்ற எழுத்துக்கு ஆங்கிலத்தில் டிஹெச், பாஸ்போர்ட்டில் வெறும் டி. அந்த ஒரே ஓர் எழுத்தை அவர் ஆறு ஆண்டாகக் கவனித்ததில்லை. தேர்வுப் பதிவைப் பட்டத்தைப் பார்த்துச் செய்திருந்தார். தேர்வு மையத்துக்குக் கொண்டுபோக வேண்டியதோ பாஸ்போர்ட்.

செய்ய வேண்டிய வரிசை இது. எல்லாத் தாள்களையும் எடுத்து, ஒரு வெள்ளைத் தாளில் ஒவ்வொன்றிலும் பெயர் எப்படி இருக்கிறது என்று எழுத்து எழுத்தாக எழுதுங்கள். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் காலியாக இருந்தாலோ, எழுத்து மாறியிருந்தாலோ அதை முதலில் திருத்துங்கள். இங்கே லால்பாக் சாலையிலோ மாரத்தஹள்ளியிலோ உள்ள பாஸ்போர்ட் சேவா கேந்திராவில் வேலை முடியும். பட்டத்தைத் திருத்துவதைவிட பாஸ்போர்ட்டைத் திருத்துவது சுலபம். அப்புறம், 'இந்தப் பெயர்கள் எல்லாம் ஒரே நபரையே குறிக்கும்' என்று நோட்டரி முன் ஒரு பிரமாணப் பத்திரம் ஆங்கிலத்தில் எழுதி வாங்கி ஸ்கேன் செய்து வையுங்கள்.

இதற்குப் பிறகு திறக்கும் ஒவ்வொரு கணக்கிலும் பாஸ்போர்ட்டில் உள்ள பெயர் மட்டும்தான். ஒரு கணக்கில் இனிஷியல், இன்னொன்றில் முழுப்பெயர் என்று போட்டால், ஒன்றோடொன்று இணைக்கும் நாளில் மாட்டிக்கொள்வீர்கள்.

4. வேலையை விடும் முன் கையெழுத்துகளை வாங்குங்கள்

படிக்க நேரம் வேண்டும் என்று வேலையை விட்டுவிட்டு, ஆறு மாதம் கழித்துச் சான்றிதழுக்குப் போய் நிற்பது அடுத்த பெரிய தவறு. நான் வேலை பார்த்த ஒரு மருத்துவமனையில் அனுபவச் சான்றிதழ் வாங்க எனக்கு நான்கு மாதம் ஆனது. என்னை அறிந்த ஹெச்ஆர் அதிகாரி மாறிவிட்டார், புதியவருக்கு நான் யாரென்றே தெரியவில்லை.

பயிற்சி வாசலில் போவோருக்குக் கிரெஸ்ட் என்ற படிவம் தேவை. சிறப்புப் பயிற்சிக்கு நீங்கள் தயார் என்று ஒரு கன்சல்டன்ட் கையெழுத்திட வேண்டும். அவர் உங்களோடு தொடர்ந்து குறைந்தது மூன்று மாதம் வேலை பார்த்திருக்க வேண்டும், அந்தக் காலமும் பயிற்சி தொடங்கும் தேதிக்கு முந்தைய மூன்றரை ஆண்டுக்குள் இருக்க வேண்டும். இந்திய கன்சல்டன்ட் கையெழுத்திடலாம். ஆனால் படிவம் ஒவ்வோர் ஆண்டும் புதிதாக வரும், பழைய ஆண்டின் படிவத்தை ஏற்க மாட்டார்கள். எனவே இப்போதே கையெழுத்து வாங்கி வைக்க முடியாவிட்டாலும், எந்த கன்சல்டன்ட் என்று முடிவு செய்து அவரிடம் பேசி வையுங்கள். படிவத்தில் என்னென்ன திறன் கேட்கிறார்கள் என்று அச்செடுத்துக் காட்டுங்கள். ஒரு வரி விடுபட்டாலும் படிவம் நிராகரிக்கப்படும் என்பதை அவருக்குச் சொல்லுங்கள். நம் சீனியர்கள் அன்போடு கையெழுத்துப் போடுவார்கள், ஆனால் எல்லாக் கட்டங்களையும் நிரப்பும் பழக்கம் கிடையாது. பக்கத்தில் உட்கார்ந்து பக்கம் பக்கமாகப் பார்த்து வாங்குவது உங்கள் வேலை.

போர்ட்ஃபோலியோ வாசலில் போவோருக்கு இந்தப் படிதான் பாதி வேலை. நோயாளிக் குறிப்புகள், ஆடிட் என்ற சிகிச்சைத் தர ஆய்வுகள், பயிற்சி வகுப்புகள், சக ஊழியர் கருத்து என்று நூற்றுக்கணக்கான பக்கங்கள் சேரும். நோயாளியின் பெயர், ஆஸ்பத்திரி எண், முகவரி ஆகியவற்றை ஒரு பக்கத்தில்கூட விடாமல் மறையுங்கள். ஆவணங்கள் உண்மையானவை என்று மருத்துவமனையில் பொறுப்பில் உள்ள ஒருவர் உறுதி செய்ய வேண்டும். வெளியே வந்துவிட்டால் அந்தப் பதிவேடுகளைத் தொடவே முடியாது. அதனால்தான் இது நான்காம் படி.

5. எபிக் சரிபார்ப்பைத் தொடங்குங்கள்

உங்கள் எம்பிபிஎஸ் பட்டம் உண்மையா என்று ஜிஎம்சி எபிக் என்ற அமெரிக்கச் சேவை மூலம் கேட்கிறது. எபிக், நீங்கள் படித்த இடத்திடமே நேரடியாகக் கேட்கும். சென்னை கிண்டியில் இருக்கும் எம்ஜிஆர் மருத்துவப் பல்கலைக்கழகமானாலும் சரி, பெங்களூரு ஜெயநகரில் இருக்கும் ராஜீவ் காந்தி சுகாதார அறிவியல் பல்கலைக்கழகமானாலும் சரி, பதில் எழுதும் மேசையை யாராவது நினைவூட்ட வேண்டியிருக்கும். தொடங்கும் நாள் உங்கள் கையில், முடியும் நாள் அவர்கள் கையில். அதனால் தேர்வுக்குப் படிக்கும் மாதங்களில் இது பின்னால் ஓடிக்கொண்டிருக்கட்டும்.

இதற்கு முன் உலக மருத்துவக் கல்லூரி அடைவில் உங்கள் கல்லூரி இருக்கிறதா, ஜிஎம்சி ஏற்கிறதா என்று பார்த்துவிடுங்கள். வண்ண ஸ்கேன் போடுங்கள், ஓரம் வெட்டுப்படக் கூடாது. அப்பாஸ்டில் என்ற சான்றொப்ப முத்திரைக்காக ஏஜென்டிடம் ஆயிரக்கணக்கில் கொடுக்காதீர்கள். வளைகுடா நாடுகளுக்குச் சான்றொப்பம் வேண்டும், ஜிஎம்சி பதிவுக்கு அது கேட்பதில்லை.

6. ஆங்கிலத் தேர்வு

இங்கிருந்து கெடு ஓடத் தொடங்குகிறது. மதிப்பெண் இரண்டு ஆண்டுதான் செல்லும். எனவே பிளாப் பாடங்களை ஒருமுறையாவது படித்த பிறகு எழுதுங்கள்.

ஐஇஎல்டிஎஸ் என்றால் அகாடமிக் வகை. மொத்தம் 7.5, நான்கு பிரிவிலும் தனித்தனியாக 7.0, எல்லாம் ஒரே தேர்வில். சுகாதாரத் துறையினருக்கான ஆங்கிலத் தேர்வான ஓஇடி என்றால் மருத்துவப் பிரிவில், நான்கிலும் பி கிரேடு. எழுத்துப் பிரிவில் 6.5 வாங்கி மாட்டிக்கொள்பவர்களே அதிகம். அவர்களுக்கு நான் ஓஇடி எழுதச் சொல்வேன். பரிந்துரைக் கடிதம் எழுதுவது நம் அன்றாட வேலை, கட்டுரை எழுதுவது அப்படியில்லை.

7. பிளாப் 1

மூன்று மணி நேரம், 180 கேள்விகள், ஒவ்வொன்றிலும் ஒரு சிறந்த விடையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பெங்களூருவிலேயே எழுதலாம். இடம் சீக்கிரம் நிரம்பிவிடும், கிடைக்காவிட்டால் சென்னையையும் பாருங்கள்.

நம்மவர்கள் தவறவிடும் கேள்விகள் பெரும்பாலும் தெரிந்த நோய்களில்தான். ரத்த அழுத்தத்துக்கு இங்கே கை பழகிய மாத்திரையை எழுதிவிடுவோம். அங்கே வயது, இனம், சர்க்கரை நோய் மூன்றையும் பார்க்க வேண்டும். 55 வயதுக்குக் கீழ் ஏஸ் இன்ஹிபிட்டரோ ஏஆர்பியோ. 55 வயதோ அதற்கு மேலோ என்றாலும், ஆப்பிரிக்க அல்லது ஆப்பிரிக்க-கரீபிய வம்சாவளி என்றாலும் கால்சியம் சேனல் பிளாக்கர். டைப் 2 சர்க்கரை இருந்தால் எந்த வயதிலும் முதல் வகைதான். தொண்டை வலிக்கு இங்கே அசித்ரோமைசின் எழுதுவது கை அசைவு போல ஆகிவிட்டது. அங்கே முதலில் அறிகுறிகளுக்கு மதிப்பெண் போட்டுப் பார்ப்பார்கள், பெரும்பாலானோருக்கு ஆன்டிபயாடிக்கே கிடையாது, தேவைப்பட்டால் பென்சிலின் வி. எனவே கேள்வி வங்கியை மட்டும் மனப்பாடம் செய்யாமல் நைஸ் என்ற அமைப்பு வெளியிடும் அந்த ஊர்ச் சிகிச்சை வழிகாட்டுதல்களை அருகில் வைத்துப் படியுங்கள்.

8. பிளாப் 2

மான்செஸ்டரில் மட்டும் நடக்கிறது. முதல் தேர்வில் தேறிய இரண்டு ஆண்டுக்குள் முடிக்க வேண்டும். கட்டணம் ஏறக்குறைய ஆயிரம் பவுண்டு, விமானமும் தங்குமிடமும் தனி. சுற்றுலா வருவோருக்கான ஸ்டாண்டர்ட் விசிட்டர் விசாவிலேயே இதற்குப் போகலாம். விண்ணப்பத்தில் தேர்வுக்கான பயணம் என்று நேராக எழுதி, முன்பதிவுக் கடிதத்தை இணையுங்கள்.

இது செய்முறைத் தேர்வு. நோயாளியைப் பார்ப்பது போன்ற 16 நிலையங்கள், ஒவ்வொன்றும் எட்டு நிமிடம். இதில் தோற்பது மருத்துவ அறிவு குறைவால் அல்ல. எங்கள் பக்கத்து வீட்டில் ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியை ஒருவர் இருக்கிறார். பயிற்சிக்கு அவரைத்தான் நோயாளியாக உட்கார வைப்பேன். ஒருநாள் அவருக்குத் தலைவலி நோயாளி வேடம். எதிரே உட்கார்ந்த பையன் எங்கே வலி, எப்போது, வெளிச்சம் கூசுகிறதா, வாந்தி உண்டா என்று அத்தனையும் கேட்டான். ஆறாவது நிமிடத்தில் மைக்ரேன் என்று சொல்லி மாத்திரையும் சொல்லிவிட்டான். முடிந்ததும் டீச்சர் தமிழில் சொன்னார்: "எல்லாம் சரியாக் கேட்டாரு. ஆனா என் தங்கச்சிக்கு மூளையில கட்டி இருந்துச்சு, அதனாலதான் பயந்து வந்தேன். அதைக் கேக்கவே இல்லையேப்பா." அந்த வரியை நான்தான் அவருடைய தாளில் எழுதிக் கொடுத்திருந்தேன். கேட்டால் மட்டும் சொல்ல வேண்டும் என்று.

அந்த ஒரு கேள்விக்குத்தான் மதிப்பெண். நோயாளி என்ன நினைக்கிறார், எதற்குப் பயப்படுகிறார், உங்களிடம் என்ன எதிர்பார்க்கிறார் என்ற மூன்றையும் முதல் மூன்று நிமிடத்துக்குள் கேளுங்கள். சிகிச்சையைச் சொல்லும்போது இது உங்களுக்குச் சரிப்படுமா என்று கேளுங்கள். நாற்பது நோயாளி வரிசையில் நிற்கும் ஓபியில் பழகிய நமக்கு இது தானாக வராது. மூன்று மாதம் தினமும் ஒருவரோடு ஒருவர் கடிகாரம் வைத்துப் பயிற்சி செய்ய வேண்டும். தனியாகப் புத்தகம் படித்து இதில் தேறியவரை நான் பார்த்ததில்லை.

9. நன்னிலைச் சான்றிதழ், ஜிஎம்சி பதிவு

உங்கள் பதிவில் குறை ஏதும் இல்லை என்று மருத்துவக் கவுன்சில் தரும் இந்த குட் ஸ்டாண்டிங் சான்றிதழ் மூன்று மாதம்தான் செல்லும். பிளாப் 2 முடிவு வந்த பிறகு விண்ணப்பியுங்கள். கடந்த ஐந்து ஆண்டில் நீங்கள் எந்த எந்தக் கவுன்சிலில் பதிவாகி வேலை பார்த்தீர்களோ அத்தனையையும் ஜிஎம்சியிடம் சொல்ல வேண்டும்.

தமிழ்நாட்டில் பதிவு செய்துவிட்டுக் கர்நாடகத்துக்கு வந்தவர்களுக்கு இங்கே ஒரு முடிச்சு. தமிழ்நாடு கவுன்சிலின் தடையில்லாச் சான்று வாங்கிக் கர்நாடகக் கவுன்சிலுக்கு மாறும் வேலை பாதியில் நிற்கும்போது நன்னிலைச் சான்றுக்கு விண்ணப்பித்தால், இரண்டு அலுவலகமும் மற்றதைக் கைகாட்டும். மாற்றத்தை முழுதாக முடித்து, புதுப்பித்தல் பாக்கி ஏதும் இல்லை என்று உறுதி செய்துகொண்ட பிறகே தேசிய மருத்துவ ஆணையத்தின் தளத்தில் விண்ணப்பம் போடுங்கள். அது மாநிலக் கவுன்சிலின் ஒப்புதலுக்குப் போய்த்தான் திரும்பும். பிளாப் 2 தேறி இரண்டு ஆண்டுக்குள் ஜிஎம்சி பதிவுக்கான விண்ணப்பம் ஏற்கப்பட்டிருக்க வேண்டும்.

10. ஜிபி பயிற்சிக்கான விண்ணப்பம்

ஓரியல் என்ற தளத்தில். ஆகஸ்டில் தொடங்கும் பயிற்சிக்கு முந்தைய ஆண்டு அக்டோபர் கடைசியிலிருந்து நவம்பர் வரைதான் சாளரம் திறந்திருக்கும். ஒருநாள் தவறினாலும் அந்தச் சுற்று போனதுதான். தீபாவளிக்கு ஊருக்குப் போகும் நேரம் இது, லேப்டாப்பைக் கையோடு கொண்டுபோங்கள்.

ஜனவரியில் எம்எஸ்ஆர்ஏ என்ற கணினித் தேர்வு. ஒரு தாள் மருத்துவம், இன்னொன்று பணியிடச் சிக்கல்களில் எப்படி நடந்துகொள்வீர்கள் என்பது. ஜிபிக்கு நேர்காணல் கிடையாது, இந்த மதிப்பெண்ணை வைத்துத்தான் வரிசை. இரண்டாவது தாளைப் பலர் படிக்காமல் போகிறார்கள். சீனியர் தவறு செய்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டால், நம் ஊர்ப் பழக்கத்தில் பேசாமல் இருப்போம் என்ற விடை கை நுனியில் நிற்கும். ஜிஎம்சியின் நன்மருத்துவ நடைமுறைக் கையேட்டை இரண்டு முறை படியுங்கள். நோயாளியின் பாதுகாப்பு முதலில், பிறகு அந்தச் சீனியரிடமே நேரில் பேசுவது என்று விடைகளின் போக்கு பிடிபடும்.

11. விசாவும் பெட்டியும்

வேலை உறுதியாகி, விசாவுக்காக வேலை தருபவர் அனுப்பும் ஸ்பான்சர்ஷிப் எண் வந்த பிறகுதான் காசநோய்ப் பரிசோதனைக்குப் போக வேண்டும். அந்தச் சான்று ஆறு மாதம் செல்லும், பெங்களூருவிலேயே எடுக்கலாம். போலீஸ் கிளியரன்ஸ் பாஸ்போர்ட் சேவா கேந்திரா மூலம். வாடகை வீடு மாறியிருந்தால் முகவரிச் சான்றை முதலில் மாற்றுங்கள், இல்லாவிட்டால் போலீஸ் பழைய வீட்டைத் தேடிப் போவார். ஹெல்த் அண்ட் கேர் வொர்க்கர் விசா என்றால் சுகாதாரக் கூடுதல் கட்டணம் கிடையாது, தவறான விசா வகையைத் தேர்ந்து அதைக் கட்டிவிடாதீர்கள்.

பயிற்சி முடித்து வேலை தேடும் நாளில் ஒன்று ஞாபகம் இருக்கட்டும். எல்லா ஜிபி கிளினிக்கும் விசா ஸ்பான்சர் செய்ய உரிமம் வைத்திருப்பதில்லை. கடைசி ஆண்டின் தொடக்கத்திலேயே விசாரிக்கத் தொடங்குங்கள்.

அசல் சான்றிதழ்கள் எல்லாம் கைப்பையில் வரட்டும், பெட்டியில் போட்டு அனுப்ப வேண்டாம். அங்கே வேலையில் சேரும் முன் ஊழியர் உடல்நலம் பார்க்கும் ஆக்குபேஷனல் ஹெல்த் பிரிவில் ஹெபடைடிஸ் பி, எம்எம்ஆர், சின்னம்மைக்கான தடுப்பூசி விவரம் கேட்பார்கள். ஹெபடைடிஸ் பி எதிர்ப்பு அளவை இங்கேயே ஒரு லேபில் பார்த்துவிடுங்கள். குறைவாக இருந்தால் மறுபடி ஊசி போட மாதக்கணக்காகும். குழந்தையில் போட்ட ஊசிகளின் அட்டை பெரும்பாலும் சொந்த ஊரில், அம்மாவின் பீரோவில் ஏதோ ஒரு பிளாஸ்டிக் கவரில் இருக்கும். இன்றைக்கே போன் செய்து எடுத்து வைக்கச் சொல்லுங்கள், பெயர் அதில் எப்படி எழுதியிருக்கிறது என்றும் கேளுங்கள்.